மச்சானைத் தள்ளிவிட்ட பெருநாள்

என் அக்காவின் கணவரை ஒரு நோன்புப் பெருநாளன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் மூன்று முறை கீழே தள்ளிவிட்டேன். தள்ளியது டிவிக்குள்தான். ஆனால் 'டிவிக்குள்தானே' என்று பல வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை. இப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அன்றைக்குப் பதினொன்று. சின்னப் பையன்தானே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சின்னப் பையனுக்கு என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

மலையாள எல்லைக்குள் இருக்கும் புதுநகரத்தில் எங்கள் வீடும் பெரியத்தா வீடும் ஒரே சுவரை வைத்துக் கட்டியவை, நடுவில் போகவர ஒரு நிலைவாசல். அத்தா என்றால் அப்பா, பெரியத்தா அவருடைய அண்ணன். இருவரும் கூட்டாக ஒரு துணிக்கடை வைத்திருந்தார்கள். பெரியம்மாவின் தம்பி துபாயிலிருந்து வரும்போது ஒரு கேம் பெட்டி கொண்டுவந்தார். அது பெரியத்தா வீட்டுக் கூடத்தில், டிவிக்குக் கீழே, குரான் பலகைக்குக் கொஞ்சம் தள்ளி இடம் பிடித்தது. பெரியத்தாவுக்கு இரண்டு மகன்கள். எனக்கு அண்ணன்கள். பெரிய அண்ணன் கல்லூரியில் சேர்ந்திருந்தார், சின்ன அண்ணன் பத்தாவது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை எங்கள் வீட்டில் எறிந்துவிட்டு நான் அந்தப் பக்கம் ஓடிவிடுவேன்.

நாங்கள் ஆடியது ஒரே ஆட்டம். பெட்டியில் அதற்கு நீளமாக ஏதோ பெயர் இருந்தது. நாங்கள் வைத்த பெயர் தள்ளு. ஆகாயத்தில் ஒரு மேடை தொங்கும். அதில் நான்கு ஆட்கள் நின்று அடித்துக்கொள்வார்கள். அடி வாங்க வாங்க அந்த ஆளின் பெயருக்குக் கீழே ஓர் எண் ஏறிக்கொண்டே போகும். எண் ஏற ஏற, அடுத்த அடிக்கு அவன் இன்னும் தூரமாகப் பறப்பான். மேடையைவிட்டு வெளியே போய் விழுந்தால் ஓர் உயிர் போயிற்று. ஆளுக்கு மூன்று உயிர். வெளியே பறந்தவன் திரும்பி வருவதற்கு அந்தரத்தில் ஒரு குதி குதிக்கலாம், அதற்கும் மேலே ஒரே ஒரு பெரிய எம்பு எம்பலாம். அந்த எம்பையும் தீர்த்துவிட்டால் அவ்வளவுதான், மேடையைத் தொடுகிற வரைக்கும் இன்னொரு எம்பு கிடையாது. அப்படித்தான் நாங்கள் நம்பியிருந்தோம்.

ஜோடி ஜோடியாகவும் ஆடலாம். அதில் பெரிய அண்ணன் ஒரு சட்டம் போட்டிருந்தார். நம் அடி நம் ஜோடிக்காரன் மேலும் படும். அப்படி வைக்காவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு பட்டனைக் குத்திக்கொண்டே இருப்போம், அதில் என்ன திறமை என்பார். நியாயமான சட்டம்தான். ஆனால் எங்களில் யாருக்கும் ஜோடியாக ஆடத் தெரியாது. என் முறை வரும்போது ஜோடிக்காரனை முன்னால் விட்டு, அவன் அடி வாங்குகிற நேரத்தில் பின்னாலிருந்து பாய்வேன். என் உயிர் தீர்ந்துபோனால் ஒரு பட்டனை அழுத்தி அவனுடைய உயிரில் ஒன்றை எடுத்துக்கொள்வேன். ஆட்டத்தில் அதற்கு அனுமதி உண்டு. கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்று ஆட்டம் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஜோடிக்காரனைத் திட்டுவது மட்டும் எங்கள் குடும்பத்துக்கு ரத்தத்தில் ஊறியது. கடையில் அத்தாதான் துணியை விரித்துக் காட்டுவார், பெரியத்தா கல்லாவில் இருப்பார். விலையைக் கேட்டு ஆட்கள் எழுந்தால் பெரியத்தா கல்லாவிலிருந்து சத்தம் போடுவார். "ஏன்டா, நம்ம ஆளுங்ககிட்டயே இப்படியா வெலை சொல்லுவே? உனக்கு அறிவிருக்குதா?" அத்தா தலையைக் குனிந்துகொள்வார். பாவம், நம்மால் ஒரு மனுஷன் திட்டு வாங்குகிறானே என்று வந்தவர்கள் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். கடை மூடியதும் அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் சிரித்துக்கொண்டே வருவார்கள். பத்துப் பேர் முன்னால் கூட்டாளியைத் திட்டினால் காரியம் நடக்கும், அது யாருக்கும் வலிக்காது என்பதுதான் நான் வளர்ந்த வீட்டில் கற்ற பாடம்.

அந்த வருஷம் நோன்புக்கு இரண்டு மாசம் முன்னால் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மச்சான் எலப்புள்ளிக்காரர். கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு உருக்கும் கம்பெனியில் மெசின் ஓட்டினார், ஷிஃப்ட் வேலை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக எல்லோரும் கடைக்காரர்கள். மாசச் சம்பளம் என்றாலே எங்கள் ஆட்களுக்கு உதட்டோரம் ஒரு சுழிப்பு வரும். மாப்பிள்ளை நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது கூடவே ஒரு பெருமூச்சும் விட்டார்கள். அவர் அதிகம் பேசாதவர். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதினொரு வயதுப் பையனான என்னையும் 'வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேட்டு நானும் அண்ணன்களும் தனியாகப் போய்ச் சிரிப்போம்.

தலைப்பெருநாளுக்கு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து மூன்று நாள் தங்க வேண்டும். காலையில் தொழுகை முடிந்து மச்சான் அக்காவோடு பைக்கில் வந்து இறங்கினார். புது வெள்ளைச் சட்டையில் கடையில் மடித்த மடிப்பு இன்னும் போகவில்லை. பெரியத்தா வீட்டுக் கூடத்தில்தான் ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நூல் விலை, திருப்பூர் சரக்கு, யார் எங்கே கடை போட்டிருக்கிறார்கள் என்று பேச்சு ஓடியது. மச்சானுக்கு அதில் எங்கே நுழைவதென்று தெரியவில்லை. அவருக்கென்று போட்ட மெத்தை நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். சர்பத் கொடுத்தால் குடித்தார், மறுபடி கொடுத்தபோது அதையும் குடித்தார்.

அக்கா என்னை அடுப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அவள் கையில் மருதாணி சிவந்து கிடந்தது. உள்ளே தம் போட்ட பிரியாணித் தேக்சாவின் மூடி மேலே நெருப்பு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "தம்பி, உன்ற மச்சான் காலைல இருந்து ஒத்தைக்கு ஒக்காந்திருக்கறாருடா. வெளையாடறப்போ உன்னோட ஜோடியா சேத்திக்கோ. தோத்தாலும் பரவால்ல. நடுவுல மட்டும் கைவுட்டறாதே." அவள் கெஞ்சினாள் என்று சொல்லலாம். எங்களுக்குள் கெஞ்சுகிற வழக்கமே கிடையாது, ஏவுகிற வழக்கம்தான். அதனால் எனக்கே கொஞ்சம் பெரிய மனுஷனாகிவிட்ட மாதிரி இருந்தது. சரி என்றேன். அந்த வீட்டில் என்னை நம்பி ஒரு காரியத்தைக் கொடுத்த முதல் ஆள் அவள்தான், நான் அப்படிச் சரி சொன்னதும் அதுதான் முதல் தடவை.

மச்சானை நான் கூப்பிட்டதும் அவர் முகம் மலர்ந்ததை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. உடனே எழுந்து வந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டார். இருந்த நான்கு கன்ட்ரோலரில் ஒன்றில் குச்சி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அதை நான் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். விருந்தாளிக்கு நெஞ்சுக்கறி வைக்க வேண்டும் என்று தெரிந்த வீட்டில் பிறந்தவன்தான் நான். இருந்தாலும் நல்ல கன்ட்ரோலர் எனக்கு வேண்டியிருந்தது. எதிரே அண்ணன்கள் இருவரும் ஒரு ஜோடி. மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தவர் வெற்றி என்று பேச்சு.

முதல் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எனக்கு மச்சான் மேல் எரிச்சல் வந்துவிட்டது. அவர் பாயவே இல்லை. நான் முன்னால் போனால் அவர் பின்னால் நின்றார். நான் அடி வாங்கிப் பின்வாங்கினால் அவர் முன்னால் வந்து நின்றார். நான் பெரிய அண்ணனை அடிக்கும்போது கூடச் சேர்ந்து அடிக்காமல், சின்ன அண்ணன் என் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். நான் சுற்றிச் சுற்றி உதைத்ததில் பாதி உதை அவர் மேல்தான் விழுந்தது. அவர் எண் ஏறியதற்கு அண்ணன்களைவிட நான்தான் காரணம். அவர் குச்சி இழுக்கிற பக்கத்துக்கு எதிராகப் பெருவிரலை அழுத்திப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்.

என் மூன்று உயிரும் தீர்ந்தது. பட்டனை அழுத்தி அவருடையதில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். "எடுத்துக்கங்க தம்பி" என்று அவர் சொன்னது நான் எடுத்த பிறகு. இப்போது எனக்கு ஓர் உயிர், அவருக்கும் கடைசி உயிர், அண்ணன்களுக்கும் ஆளுக்கு ஒன்று. கூடத்தில் நூல் விலைப் பேச்சு நின்று எல்லோரும் டிவியைப் பார்க்கத் தொடங்கினார்கள். பெரியத்தாவே தலையணையை நகர்த்திப் போட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

பெரிய அண்ணன் விட்ட ஒரு குத்தில் நான் மேடையைவிட்டு இடது பக்கம் பறந்தேன். குதித்தேன், எம்பினேன். மேடையின் விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது கீழே இறங்க ஆரம்பித்தேன். எப்படியாவது தொற்றிவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது மச்சானின் ஆள் மேடையைவிட்டுக் குதித்து என்னை நோக்கி வந்தான். வந்தவன் என்னைக் கீழிருந்து ஓங்கி ஓர் அடி அடித்தான். "இப்ப ஏறுங்க தம்பி" என்றார் மச்சான்.

நான் ஏறவில்லை. கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். என் ஆள் கொஞ்சம் மேலே போய்விட்டுக் கல் மாதிரி விழுந்தான். வெகுதூரம் வந்துவிட்ட மச்சானின் ஆளும் விழுந்தான். ஆட்டம் முடிந்தது. அண்ணன்கள் குதித்தார்கள். அடிப்பதையும் அடித்துவிட்டு ஏறச் சொல்லிக் கிண்டல் வேறா என்று எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "கூட இருந்துட்டே குழி பறிக்கறியா? நீயெல்லாம் எதுக்கு வெளையாட வந்தே?" என்று கத்தினேன். கூட்டாளியை எப்படித் திட்டுவதென்று கடையில் கேட்டுக் கேட்டுப் பழகிய குரல் அது. எங்கள் பக்கத்தில் பெரியவர்களிடம் ஒரு 'ங்க' விட்டுப்போனாலே அம்மா விறகுக்கட்டையைத் தேடுவாள். வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையை நான் நீ என்றேன்.

அத்தா 'டேய்' என்று மட்டும் சொன்னார். மச்சான் பதறிப்போய் "அது அப்படியில்லைங்க தம்பி, அது வந்து" என்றபடி சட்டைப் பையில் கைவிட்டு நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். எனக்கு எதையோ காட்டத்தான் எடுத்தார். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன். கம்பெனியின் ஷிஃப்ட் சீட்டு. அதன் பின்பக்கம், நீல மையில், மலையாளத்தில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது. எலப்புள்ளியில் அவர் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். நானும் பள்ளியில் மலையாளம் படிக்கிறவன்தான், தடையில்லாமல் வாசித்தேன். எழுந்து நின்று, எங்கள் வாத்தியார் பரீட்சையில் பிட் பிடித்தவனின் சீட்டைப் படிப்பாரே, அந்த ராகத்தில், வரிக்கு வரி தமிழாக்கிப் படித்தேன்.

ரெண்டு பேரும் ஒரே ஆளை அடிக்கப் போகக் கூடாது. சிரிப்பு. தம்பி முன்னால், நான் பின்னால். இன்னும் கொஞ்சம் சிரிப்பு. தம்பிக்கு உயிர் தீர்ந்தால் என்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கும்போதாவது என் நாக்கு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அதற்குக் கீழே இருந்த வரியை என் கண் அதற்குள்ளேயே பார்த்துவிட்டது. தம்பி விழும்போது அடிக்க வேண்டும்.

கூடமே அதிர்ந்தது. சின்ன அண்ணன் தரையில் உருண்டார். மாப்பிள்ளை எழுதி வைத்துக்கொண்டு வந்து மச்சினனை அடித்திருக்கிறார் என்று யாரோ கண்ணீர் வரச் சிரித்தார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை என்றார் இன்னொருவர். பெரியத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளைக்குக் கம்பெனி மெசினுதானுங்க சரிப்பட்டு வரும். இதெல்லாம் எதுக்குங்க?" என்றார். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அண்ணன் சிரித்ததால் அத்தாவும் சிரித்தார். மச்சானும் சிரித்தார். எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தார். எங்கள் வீட்டுப் பக்கத்து நிலைவாசலில் அக்கா சர்பத் தட்டோடு நின்றிருந்தாள். அவள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனதைப் பார்த்தேன்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டியிருக்காது. கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று எங்கேயாவது ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருப்பேன். ஆனால் சிரிப்பு என்பது பாராட்டைவிட ருசியானது, அன்றைக்கு அதை நான் முதல் முறை ருசி பார்த்தேன். இரண்டாவது ஆட்டம் தொடங்கியது. அண்ணன்கள் பக்கம் நான் போகவே இல்லை. நேராக மச்சானிடம் போனேன். முதல் தடவை தள்ளும்போது அவர் ஏதோ தவறுதல் என்று நினைத்து, 'பரவால்லங்க தம்பி' என்றார். இரண்டாவது தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை அவர் பட்டன் எதையும் தொடாமல், என் அடி வந்து சேர்கிற வரைக்கும், தன் ஆளை மேடையில் அப்படியே நிறுத்தி வைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் கூடம் கைதட்டியது. கடைசியில் நான் ஒற்றை ஆளாக அண்ணன்களிடம் தோற்றேன். தோற்றது எனக்குக் கொஞ்சமும் வருத்தமாக இல்லை.

மச்சான் கன்ட்ரோலரை மெதுவாகத் தரையில் வைத்தார். அதன் வயரைச் சிக்கெடுத்து, சுருட்டி, டிவிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். "நல்லா வெளையாடறீங்க தம்பி" என்றார். பிறகு அந்த மெத்தை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சாப்பாட்டின்போது பெரியம்மா இரண்டு முறை கறி அள்ளி வைத்தாள். அவர் தட்டில் அது அப்படியே இருந்தது. அம்மா அடுப்படியில் என்னைப் பிடித்து, "அது நாக்கா, அருவாளா?" என்று தொடையில் திருகினாள். கத்த முடியாது, மாப்பிள்ளைக்குக் கேட்டுவிடும். அதனால் அவளும் மெதுவாகத் திருகினாள். எனக்கு அது தண்டனையாகவே படவில்லை.

மூன்று நாள் தங்க வேண்டியவர் மறுநாள் காலையிலேயே கிளம்பினார். கம்பெனியில் ஆள் இல்லை, கூப்பிட்டுவிட்டார்கள் என்றார். பெருநாளுக்கு மறுநாள் எந்தக் கம்பெனி கூப்பிடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்காவும் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அம்மா பிரியாணியை ஒரு தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த பெருநாளுக்கு அக்கா மட்டும் பஸ்ஸில் வந்தாள். மச்சானுக்கு டூட்டி. அதற்கடுத்த பெருநாளுக்கும் டூட்டி. மௌத்து அடக்கம், கல்யாணம் என்றால் தவறாமல் வருவார், எல்லோரையும் நலம் கேட்பார், வாசலோடு திரும்பிவிடுவார். பெரியத்தா வீட்டுக் கூடத்தில் அவர் அதன் பிறகு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கோயமுத்தூரில் கல்லூரி விடுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் சேர்ந்து லேப்டாப்பில் அதே மாதிரி ஆட்டம் ஆடினோம். என் அறைத்தோழன் எனக்கு ஜோடி. ஒரு கட்டத்தில் நான் வெளியே பறந்து, எம்பும் தீர்ந்து, விழுந்துகொண்டிருந்தேன். விளையாட்டை விட்டு எத்தனையோ வருஷமாகியிருந்ததால் கை தளர்ந்துவிட்டது. அறைத்தோழன் மேடையிலிருந்து குதித்து வந்து என்னை ஓர் அடி அடித்தான். "ஏறுறா!" என்று கத்தினான். இந்தத் தடவை நான் திரும்பிப் பார்க்கவில்லை, விரல் தானாகப் பட்டனை அழுத்தியது. தீர்ந்துபோயிருந்த எம்பு மறுபடி வந்தது. மேடையில் போய் நின்றேன்.

எப்படி என்று கேட்டேன். விழுகிறவன் மேல் ஓர் அடி பட்டால் அவனுக்கு இன்னொரு எம்பு கிடைக்கும், அதற்காகத்தான் அடித்தேன் என்றான். ஜோடியாக ஆடுகிறவன் முதலில் கற்றுக்கொள்கிறதே இதுதான், இதுகூடத் தெரியாமலா சின்ன வயசிலிருந்து ஆடுகிறேன் என்று பீற்றிக்கொண்டாய் என்றான். தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அந்த வித்தையை யாராலும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், கை பழக வேண்டும். வீட்டில் ஒரு கேம் பெட்டியும் இல்லாத மனுஷன், நாங்கள் ஆடுவதை அக்கா சொல்லிக் கேட்டு, நோன்பு வைத்துக்கொண்டு, உலைக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, யாரோ ஒரு பையனிடம் போய் உட்கார்ந்து இதைக் கற்றிருக்கிறார். மறந்துவிடக் கூடாதென்று எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சீட்டில் எப்படி ஜெயிப்பது என்று ஒரு வரிகூட இல்லை, எல்லாம் தம்பியைப் பற்றித்தான். அவ்வளவு தூரம் வெளியே குதித்தால் தன்னால் திரும்ப முடியாது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கடைசி உயிர் அது. நான் பட்டனை அழுத்தியிருந்தால் ஏறியிருப்பேன். ஏறியிருந்தால் அந்தக் கூடத்தில் அவர் பெயர் வேறாகியிருக்கும். ஏன் அவர் விளக்கிச் சொல்லவில்லை என்று கொஞ்ச நாள் அவர் மேலேயே பழியைப் போட்டுப் பார்த்தேன். மாமனார் வீட்டில், முதல் பெருநாளில், அத்தனை பேர் சிரிக்கும்போது, ஒரு பொடியனிடம் எந்த மாப்பிள்ளை நின்று விளக்கம் சொல்லுவான்?

போன வருஷம் எலப்புள்ளிக்கு இதைச் சொல்வதற்கென்றே போனேன். மச்சான் வீட்டில் இருந்தார். வாங்க தம்பி என்றார், நாற்காலியைத் துடைத்துப் போட்டார், படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டார். நான் தேநீரைக் குடித்துவிட்டு, வெயில் அதிகம் என்றும் மழை வந்தால் தேவலை என்றும் பேசிவிட்டு வந்துவிட்டேன். சொன்னால் 'எனக்கு ஞாபகமே இல்லைங்க தம்பி' என்பார். அந்தப் பொய்யை அவரைச் சொல்லவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அல்லது, உண்மையைச் சொல்வதென்றால், மன்னிப்புக் கேட்கவே துணிச்சல் இல்லை.

அக்காவிடமும் சொல்லவில்லை. அந்தப் பெருநாள் வரைக்கும் அவள் என்னை ஒரு நாளைக்குப் பத்து வேலையாவது ஏவுவாள். கடைக்குப் போய் ஊசி வாங்கி வா, மாடியில் துணி கிடக்கிறது எடுத்து வா, அம்மாவிடம் இதைச் சொல்லாதே, அத்தாவிடம் அதைக் கேட்டுச் சொல். கல்யாணமாகிப் போன பிறகும் போனில் கூப்பிட்டு ஏவினாள். அதற்குப் பிறகு ஏவவில்லை. வருவாள், சிரிப்பாள், இளைத்துவிட்டாயே என்பாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால், நான் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தாலும், தானே எழுந்து வந்து மொண்டுகொண்டு போவாள். கல்யாணமானால் அக்காக்கள் இப்படித் திருந்திவிடுவார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். என் அக்கா இப்போதெல்லாம் என்னிடம் ஒரு வேலையும் சொல்வதில்லை என்று பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகளிடம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.